மனத்தைச் சேமித்து மீட்க முடியுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இறந்தவரின் மூளையைப் பதப்படுத்தி வைத்து, அதிலுள்ள நினைவுகளையும் குணத்தையும் பிற்காலத்தில் கணினியில் மீட்டெடுக்கலாம் என்று சில வெளிநாட்டு நிறுவனங்கள் கூறிவருவதைப் பற்றிச் சென்ற மாத இதழில் சிறு குறிப்பு ஒன்றை வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதியவர்களில் பலர் பெற்றோரை அண்மையில் இழந்தவர்கள். சிலர் மறதிநோயால் அவதிப்படும் கணவரையோ மனைவியையோ வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்கள். அவர்கள் கேட்டிருப்பவற்றுக்கு இரண்டு வரியில் பதில் சொல்லி நகர்வது முறையாகாது என்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் இந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (ஈசூன் வாசகர்): எனக்கு 68 வயதாகிறது. மூளையைப் பதப்படுத்தி வைத்துக்கொண்டால் என்றாவது ஒருநாள் கண்விழிக்கலாம் என்று இணையத்தில் ஒரு காணொளி பார்த்தேன். எந்த உயிரினத்திலாவது இதைச் செய்துகாட்டியிருக்கிறார்களா? இதற்காகப் பணம் கட்டலாமா?

பதில்: சேமித்துக் காட்டியிருக்கிறார்கள். அப்படிச் சேமித்த மூளையிலிருந்து மனத்தைக் கணினியில் மீட்டுக் காட்டியவர் இதுவரை ஒருவரும் இல்லை. மனிதனில் மட்டுமன்று, எலியிலும் இல்லை, புழுவிலும் இல்லை. அந்தக் காணொளி இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கும் என்பதால் இதை முதலில் பிரித்துச் சொல்கிறேன்.

உடலை உறைய வைத்துக் காக்கும் முயற்சி பழையது. அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் பெட்ஃபோர்டின் உடல் 1967 ஜனவரியில் அவ்வாறு உறைய வைக்கப்பட்டது. பூஜ்யத்துக்குக் கீழ் 196 டிகிரி செல்சியஸில் உள்ள திரவ நைட்ரஜனில் அது இன்றும் இருக்கிறது. ஆனால் சாதாரணமாக உறையும் திசுவில் பனிப்படிகங்கள் உருவாகி உயிரணுக்களைக் கிழித்துவிடும். இரத்த ஓட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே மூளை சிதையத் தொடங்கிவிடுவதும் சேர்ந்துகொள்கிறது. அப்படி வைக்கப்பட்டவற்றில் என்ன எஞ்சியிருக்கிறது என்பது பெரும் கேள்விக்குறிதான்.

இதைவிடக் கவனமான முறை ஒன்றுக்கு, மூளைப் பாதுகாப்புக்கென அமெரிக்காவில் இயங்கும் ஓர் அறக்கட்டளை, முயலின் மூளைக்காக 2016-லும் பன்றியின் மூளைக்காக 2018-லும் பரிசு வழங்கியது. அம்முறையில், மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய்களின் வழியே குளூட்டரால்டிஹைடு என்னும் வேதிப்பொருளைச் செலுத்துகிறார்கள். அது சில நிமிடங்களில் மூளையின் மூலைமுடுக்கெல்லாம் பரவி, புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, ஒவ்வொன்றையும் அது இருந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறது. அதன்பின் உறைதடுப்புத் திரவத்தை மெதுவாக ஏற்றி, பூஜ்யத்துக்குக் கீழ் 135 டிகிரிக்குக் குளிர்விக்கிறார்கள். பனிப்படிகம் உருவாகாமல் திசு முழுவதும் கண்ணாடியைப்போல் இறுகிவிடுகிறது. பின்னர் அதை வெளியே எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நரம்பணுக்களின் மெல்லிய இழைகளும் அவை ஒன்றையொன்று தொடும் இணைப்புகளும் சிதையாமல் தெரிந்தன. இது உண்மையான சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆயினும் அந்த வேதிப்பொருள் பட்ட மூளை உயிரியல் முறையில் மீண்டும் இயங்கவே இயங்காது. அதிலுள்ள அமைப்பை என்றாவது படித்துக் கணினியில் எழுப்பலாம் என்பது ஒன்றே மிச்சமிருக்கும் நம்பிக்கை. மேலும், இது சரியாக அமைய வேண்டுமானால் இரத்த ஓட்டம் நிற்கும் தறுவாயிலேயே தொடங்க வேண்டும். இம்முறையை மனிதர்களுக்குக் கொண்டுவர முனைந்த நெக்டோம் என்னும் அமெரிக்க நிறுவனம், 2018-இல் 10,000 அமெரிக்க டாலரை முன்பணமாகப் பெற்றுக் காத்திருப்போர் பட்டியல் ஒன்றைத் தொடங்கியது; செய்முறையே உயிரைப் போக்கக்கூடியது என்பதை அந்நிறுவனம் மறைக்கவில்லை. அச்செய்தி பரவியதும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அதனுடனான ஆய்வுத் தொடர்பை முடித்துக்கொண்டது.

பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. ஆராய்ச்சிக்கு உதவ விரும்பினால், சிங்கப்பூரிலேயே செய்யக்கூடிய ஒன்றைக் கடைசிக் கேள்விக்கான பதிலில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (அங் மோ கியோ வாசகி): மூளையில் மின்னோட்டம் நின்றுவிட்டால் நினைவுகளும் அழிந்துவிடாதா? நின்றுபோன மூளையில் என்ன இருக்கிறதென்று சேமிக்கிறார்கள்?

பதில்: உங்கள் ஐயத்துக்கு அறுவை சிகிச்சைக்கூடத்திலேயே விடை கிடைத்திருக்கிறது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியைச் சீர்செய்யும் சில அறுவை சிகிச்சைகளின்போது, நோயாளியின் உடலைச் சுமார் 18 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து, இரத்த ஓட்டத்தையே சிறிது நேரம் நிறுத்திவிடுகிறார்கள். அந்த நேரத்தில் மூளையின் மின்பதிவுக் கருவியில் நேர்கோடுதான் தெரியும். பிறகு உடலைச் சூடாக்கி எழுப்பும்போது அவர் தம் பெயரையும் பிள்ளைகளையும் மறந்திருப்பதில்லை. ஆகவே, நீண்டகால நினைவு ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தில் இல்லை; மூளையின் கட்டமைப்பில், குறிப்பாக நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் எங்கெங்கே எவ்வளவு வலுவாக அமைந்துள்ளன என்பதில் இருக்கிறது என்று கொள்வதற்கு வலுவான காரணம் உண்டு.

எலிகளில் இன்னும் நுட்பமாகக் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் நினைவை ஆராயும் சுசுமு டோனெகாவாவின் ஆய்வுக்கூடத்தினர் 2012-இல், ஓர் எலி அச்சமூட்டும் அனுபவம் ஒன்றைப் பெற்றபோது அதன் மூளையில் இயங்கிய நரம்பணுக்களை அடையாளமிட்டு, பிறகு முற்றிலும் வேறொரு பெட்டியில் அதை விட்டு, அதே நரம்பணுக்களை ஒளியால் தூண்டினார்கள். அச்சப்பட எதுவுமே இல்லாத இடத்தில் எலி அஞ்சி உறைந்து நின்றது.

அறிவியலாளர்கள் இத்துறையை முழுக் கற்பனை என்று ஒதுக்காமல் இருப்பதற்கு இத்தகைய சான்றுகளே காரணம்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட் வாசகர்): நான் கணினித் துறையில் வேலை செய்கிறேன். தகவல் சேமிப்பின் விலை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறது. எனவே இது கொள்ளளவும் கணினி வேகமும் பற்றிய சிக்கல்தானே? காலம் தானாகத் தீர்த்துவிடாதா?

பதில்: கொள்ளளவை முதலில் கணக்கிட்டுப் பார்ப்போம். வலிப்பு நோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட 45 வயதுப் பெண்மணி ஒருவரின் மூளையிலிருந்து எடுக்கப்பட்ட, ஒரு கன மில்லிமீட்டர் அளவேயான துண்டினை ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் கூகலும் சேர்ந்து படமெடுத்தன. பாதி அரிசி அளவுள்ள அத்துண்டை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சீவல்களாக நறுக்கினார்கள். ஒவ்வொரு சீவலும் தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவானது. 2024-இல் வெளிவந்த அந்த ஆய்வில் சுமார் 57,000 உயிரணுக்களும் 150 மில்லியன் இணைப்புகளும் காணப்பட்டன; தரவின் அளவு 1.4 பெட்டாபைட், அதாவது 1,400 டெராபைட். மனித மூளையின் கன அளவைச் சுமார் 1,200 கன சென்டிமீட்டர் என்று கொண்டால், அத்தகைய துண்டுகள் 1.2 மில்லியன் வேண்டும். 20 டெராபைட் கொள்ளும் வன்தட்டுகளில் அதை நிரப்பினால், ஒரே ஒரு மனிதருக்கு ஏறத்தாழ 84 மில்லியன் தட்டுகள் தேவைப்படும். இது படங்களுக்கான இடம் மட்டுமே. படங்களிலிருந்து பிரித்தெடுத்த இணைப்பு வரைபடம் இதைவிட மிகச் சிறியதாக இருக்கும் என்பதால், இந்தத் தடையைக் காலம் குறைக்கும் என்று நீங்கள் சொல்வதை ஏற்கிறேன்.

காலம் தானாகத் தீர்க்காத சிக்கல் வேறொன்று இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவிடம் செல்ல வேண்டும். சி. எலிகன்ஸ் என்னும் அந்தப் புழுவுக்கு இருப்பவை 302 நரம்பணுக்கள். அவற்றின் இணைப்பு வரைபடத்தைக் கேம்பிரிட்ஜில் ஜான் வைட், சிட்னி பிரென்னர் முதலியோர் 1986-இல் முழுமையாக வெளியிட்டனர். (பிரென்னர் நமக்கு அந்நியர் அல்லர். சிங்கப்பூரில் உயிர்மருத்துவ ஆராய்ச்சி வேரூன்றுவதற்குத் தோள்கொடுத்தவர். 2003-இல் கௌரவக் குடியுரிமை பெற்றவர். 2019 ஏப்ரலில் இம்மண்ணிலேயே மறைந்தவர்.) அந்த வரைபடம் வெளியாகி நாற்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. இன்றைய கைப்பேசியில்கூட 302 நரம்பணுக்களின் கணக்கை ஓட்டலாம். எனினும், அந்தப் புழு செய்வதையெல்லாம் அது செய்வதுபோலவே செய்யும் கணினிப் புழு இன்னும் உருவாகவில்லை. ஒரு குறிப்பிட்ட புழு கற்றுக்கொண்டதை அதன் உடலிலிருந்து படித்தெடுத்து மறு உயிர் கொடுத்தவரும் இல்லை.

காரணம், எது எதோடு இணைந்திருக்கிறது என்று வரைபடம் சொல்லுமே தவிர, அந்த இணைப்பு அடுத்த அணுவைத் தூண்டுகிறதா, அடக்குகிறதா, எவ்வளவு வலுவாக, எந்த வேதிப்பொருளின் முன்னிலையில் என்பதையெல்லாம் முழுமையாகச் சொல்லாது. நரம்பணுக்கள் இணைப்புகளின் வழியாக மட்டும் பேசிக்கொள்வதில்லை. தம்மைச் சுற்றிலும் சிறு புரதத் துண்டுகளைக் கசியவிட்டும் பேசிக்கொள்கின்றன. அவை எந்தப் படத்திலும் கோடாகத் தெரிவதில்லை. பதப்படுத்தும்போது இவற்றில் எவை தப்புகின்றன, எவை கரைந்துபோகின்றன என்பதையும் இனித்தான் கண்டறிய வேண்டும்.

நம்பிக்கையளிக்கும் செய்தியும் உண்டு. வளர்ந்த பழ ஈ ஒன்றின் மூளையிலுள்ள 139,255 நரம்பணுக்களின் வரைபடம் 2024 அக்டோபரில் வெளியானது. அதை அடிப்படையாகக் கொண்ட எளிய கணினி மாதிரி ஒன்று, ஈ இனிப்பைச் சுவைக்கும்போது எந்த நரம்பணுக்கள் இயங்கும் என்பதைப் பெருமளவு சரியாகவே கணித்தது. வரைபடத்தில் உண்மையான அறிவு பொதிந்திருக்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் 139,255 எங்கே, மனித மூளையின் 86 பில்லியன் எங்கே! நம் மூளை இவ்வளவையும் சுமார் 20 வாட் ஆற்றலில் நடத்துகிறது. சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காட்டைத் தரவு மையங்கள் பயன்படுத்துவதாக 2020-ஆம் ஆண்டுக் கணக்கு காட்டியதையும், புதிய மையங்களுக்கு அரசாங்கம் சில ஆண்டுகள் தடை போட்டிருந்ததையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள். ஒரு மனத்தை இயக்குவதற்கான மின்சாரத்தை யார், எத்தனை காலத்துக்குத் தருவார் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்விதான்.

கேள்வி (தெம்பனிஸ் வாசகி): நம் சித்தர்கள் சொன்ன கூடுவிட்டுக் கூடு பாய்தலைத்தான் இன்று அறிவியல் செய்யப்போகிறது என்கிறார் என் அண்ணன். ஒருவேளை எல்லாத் தடைகளும் நீங்கி என் மூளையை அப்படியே கணினியில் எழுப்பிவிட்டால், கண்விழிப்பது நான்தானா?

பதில்: உங்கள் அண்ணன் எடுத்துக்காட்டியது மிகப் பொருத்தமானது. ஆனால் அது அவர் நினைக்கும் திசைக்கு எதிராகச் செல்கிறது.

திருமூலரின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கயிலையிலிருந்து தெற்கே வந்த சிவயோகியார் ஒருவர், காவிரிக் கரையில் சாத்தனூர் அருகே, மாடு மேய்க்கும் மூலன் இறந்துகிடப்பதையும், அவனைச் சுற்றி நின்று பசுக்கள் கதறுவதையும் கண்டு மனம் இரங்கினார். தம் உடலை ஓரிடத்தில் பாதுகாப்பாக வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் புகுந்தார். இதில் உயிர் ஒன்றுதான். அது ஓர் உடலை விட்டு நீங்கி இன்னோர் உடலுக்குள் சென்றது. ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் அது இருக்கவில்லை. படியெடுத்தலில் எதுவும் எங்கும் செல்வதில்லை. ஓர் அமைப்பைப் பார்த்து அதேபோன்ற இன்னோர் அமைப்பை உருவாக்குகிறார்கள். மூளைக்குக் கேடில்லாமல் படியெடுக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டால், நீங்கள் தெம்பனிஸில் உங்கள் வீட்டில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருக்கும்போதே, உங்கள் நினைவுகள் அனைத்தையும் உடைய இன்னொருவர் கணினியில் கண்விழிப்பார். அவருக்கு வலித்தால் உங்களுக்கு வலிக்காது. அந்த நொடியிலிருந்து அவருடைய அனுபவம் வேறு, உங்களுடையது வேறு. ஒருவருக்குப் பதில் பத்துப் பேரை எழுப்பினால் பத்துப் பேரும் தாமே நீங்கள் என்பார்கள். நீங்கள் உயிரோடிருக்கும்போது அவர் நீங்கள் ஆகாதவர் என்றால், நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்பதனாலேயே அவர் நீங்களாக மாறிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு நேர்மாறான கருத்துடைய சிறந்த சிந்தனையாளர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் டெரிக் பார்ஃபிட் 1984-இல் இதை ஆராய்ந்து, ‘அது நானா’ என்னும் கேள்வியே நாம் நினைக்கும் அளவுக்கு முக்கியமானதன்று, நினைவும் நோக்கமும் குணமும் தொடர்ந்தால் நாம் அக்கறைகொள்ள வேண்டியவை தொடர்கின்றன என்று வாதிட்டார். என் எழுத்தும், நான் பிள்ளைகள்மேல் வைத்த அன்பும் என்னைப்போன்ற இன்னொருவரிடம் தொடரும் என்றால் அதில் எனக்கும் ஆறுதல் உண்டு. எனினும் அந்த ஆறுதலைச் சாவிலிருந்து தப்பியது என்று சொல்லி விற்பதை என்னால் ஏற்க இயலாது.

நம் கதைக்கே திரும்புகிறேன். அதில் பலரும் விரைந்து கடந்துவிடும் ஒருத்தி இருக்கிறாள். மாடுகள் வீடு திரும்பியும் கணவன் வரவில்லையே என்று தேடி வந்த மூலனின் மனைவி, அவன் நிற்கக் கண்டு தொடச் செல்கிறாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்று சொல்லி அவர் விலகிக்கொள்கிறார். கணவனின் முகம் எதிரே நிற்கிறது, கணவன் இல்லை. ஊர்ப் பெரியோர் வந்து பார்த்து, இவர் இனி உன்னிடம் சேரும் நிலையில் இல்லை என்று அவளைத் தேற்றி அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. பழைய உடலில் புதிய மனம் வந்தால் குடும்பத்துக்கு என்ன நேரும் என்பதை அக்கதை சொல்லிவிட்டது. பழைய மனம் புதிய இடத்தில் எழுந்தால், துயரம் எழுந்தவர் பக்கமும் இருக்கும்.

உங்களைப்போன்றே இருக்கும் அந்த ஒருவர், நீங்கள் இல்லை என்று நான் சொன்னாலும், யாரோ ஒருவர்தான். அவருக்கு உணர்வு இருக்குமானால் அவரிடம் நமக்குக் கடமையும் உண்டு. இந்தப் பொருளைப் பற்றி வரும் கடிதங்கள் பலவற்றிலும் ‘நான் பிழைப்பேனா’ என்ற கேள்வி இருக்கிறது. ‘எழுப்பப்படுபவர் எப்படியிருப்பார்’ என்று எவரும் கேட்கவில்லை. எந்த மருத்துவ முறையும் முதல் முயற்சியிலேயே செம்மையாக அமைந்ததில்லை. முதலில் எழுப்பப்படும் மனங்கள் குறைபட்டவையாகவே இருக்கும். பேச்சை இழந்தவராகவோ, நிற்காத வலியுடனோ, பிள்ளையின் முகம் நினைவிருந்தும் பெயர் நினைவில்லாதவராகவோ ஒருவர் விழிக்கலாம். தமக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லக்கூட அவருக்கு வழி இல்லாமல் போகலாம். அப்போது அந்த முயற்சியை அழித்துவிட்டு மறுபடி தொடங்குவார்களா? அழிக்கப்படுவது கோப்பா, ஆளா? நன்றாகவே விழித்துக்கொண்டவரை அவருடைய அனுமதியின்றி நிறுத்தி வைக்கலாம். ஆயிரம் படிகள் எடுத்துச் சம்பளமும் ஓய்வும் இல்லாமல் வேலை வாங்கலாம். விரும்பாத நினைவை நீக்கிக் குணத்தைத் திருத்தலாம். எந்தச் சர்வாதிகாரியும் எந்தக் கைதிமீதும் இதுவரை பெற்றிராத அதிகாரம் இது. கையில் சாவியை வைத்திருப்பது இலாபத்துக்காக நடத்தப்படும் ஒரு நிறுவனம் என்றால், நான் நேசிக்கும் எவரையும் அதனிடம் ஒப்படைக்க மாட்டேன்.

சிங்கப்பூரில் 1996-ஆம் ஆண்டிலிருந்து முன்கூட்டிய மருத்துவ உத்தரவுக்கான சட்டம் இருக்கிறது. குணமடைய வழியில்லாத இறுதிக் கட்டத்தில், செயற்கையாக உயிரை நீட்டிக்கும் சிகிச்சை தமக்கு வேண்டாம் என்று ஒருவர் முன்னதாகவே கையொப்பமிட்டு வைக்கலாம். ‘வேண்டாம், போதும்’ என்று சொல்லும் அந்த உரிமையை, எழுப்பப்படும் மனத்துக்கும் கொடுக்க வேண்டும். அதை அவர் எப்படிச் சொல்வார், யார் கேட்பார், எந்த நீதிமன்றம் நிறைவேற்றும் என்பவற்றை வகுக்காமல் முதல் மனத்தை எழுப்புவது பெரும் கொடுமையாகும். தொழில்நுட்பம் வருவதற்குள் இதற்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று சட்டம் படிக்கும் நம் பிள்ளைகளை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (சுவா சூ காங் வாசகர்): இப்படிச் சேமிக்கப்பட்ட ஒருவருக்குச் சிங்கப்பூர்ச் சட்டத்தில் இடம் உண்டா? அவருடைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடும் மசே நிதியும் (மத்திய சேமநிதி) யாருக்குச் சேரும்?

பதில்: இடம் இல்லை. சட்டத்தின் பார்வையில் அவர் இறந்தவர். மசே நிதிச் சேமிப்பு நியமனம் செய்யப்பட்டவர்களுக்கும், கூட்டுடைமையாக உள்ள வீடு எஞ்சியிருக்கும் உரிமையாளருக்கும், மற்றச் சொத்து உயிலின்படியோ உயில் இல்லாதபோது சட்டம் வகுத்த பங்கின்படியோ குடும்பத்தாருக்கும் சேரும். முடிவெடுக்கும் ஆற்றலைத் தாம் இழந்தால் தமக்காக முடிவெடுக்க இன்னொருவரை நியமிக்கும், எல்பிஏ எனப்படும் நீடித்த அதிகாரப் பத்திரம் செய்துவைத்திருந்தாலும் அது அவருடைய மரணத்துடன் முடிந்துவிடும். சேமிக்கப்பட்டவர் சார்பில் பேச அதனால் இயலாது.

தகவல்களைப் பொறுத்தவரை, 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இறந்தவரின் தகவல்களுக்கும் ஓரளவு பாதுகாப்பு தருகிறது. இறந்து பத்து ஆண்டுகள் கடந்துவிட்டால் அதுவும் இல்லை. ஒருவரின் நினைவு முழுவதும் தகவலாக மாறக்கூடிய காலத்துக்கு இந்தப் பத்தாண்டு மிகக் குறுகியது. உங்கள் பகுதியிலுள்ள பொது மயானத்தில் புதைகுழிக்கே 15 ஆண்டுகள்தான் தவணை என்பது உங்களுக்குத் தெரியும். நிலம் குறைந்த ஊரில் அது நியாயமான ஏற்பாடு. ஆனால் நூறு, இருநூறு ஆண்டுகள் ஒரு மூளையைக் குளிரில் காப்பதாக ஒருவர் வாக்களித்தால், அந்தக் காலம் முழுவதும் அதை நடத்தப்போவது யார், நிறுவனம் மூடப்பட்டால் அந்த மூளை யாருடைய பொறுப்பு என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி (பொங்கோல் வாசகி): அப்பா தவறி எட்டு மாதங்கள் ஆகின்றன. அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல்பதிவுகளையும் குறுஞ்செய்திகளையும் கொடுத்து, அவரைப்போலவே பேசும் செயலி ஒன்றை உருவாக்கி அம்மாவுக்குத் தர வேண்டும் என்கிறான் தம்பி. அம்மாவுக்கு 74 வயது. எனக்கு மனம் ஒப்பவில்லை. தம்பியோ நான் அம்மாவின் தனிமையைப் புரிந்துகொள்ளவில்லை என்கிறான்.

பதில்: உங்கள் தம்பியின் நோக்கம் அன்பிலிருந்து பிறந்தது, அதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு, அந்தச் செயலியில் அப்பாவின் மனம் இருக்காது என்பதையும் சொல்லுங்கள். அது அவருடைய சொற்களைப் பார்த்து, அவர் எப்படித் தொடர்ந்திருப்பார் என்று ஊகித்து வாக்கியம் அமைக்கும் கருவி. அப்பா வாட்ஸ்அப்பில் எழுதாத அனைத்தும், குறிப்பாக அம்மாவிடம் நேரில் மட்டும் பேசியவை அனைத்தும் அதில் இல்லை. அம்மா அவற்றைத்தான் கேட்பார். செயலி தெரியாது என்று சொல்லாமல் எதையாவது இட்டுக்கட்டும். ஐம்பது ஆண்டுகள் அவரோடு வாழ்ந்தவருக்கு அந்தப் பொய் உடனே புரியும். புரியாமல் போனால் அது அதைவிட வருத்தம்.

2020-இல் தென்கொரியத் தொலைக்காட்சி ஒன்று, இறந்துபோன சிறுமியின் உருவத்தை மெய்நிகர்க் காட்சியாக உருவாக்கி, அவளுடைய தாயைச் சந்திக்கச் செய்தது. பார்த்தவர்கள் பலர் கலங்கினார்கள், பலர் கண்டித்தார்கள். அந்தத் தாயோ அது தமக்கு ஆறுதலாக இருந்தது என்றார். எனவே எவருக்கும் இது நன்மை தராது என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே அது ஒருமுறை நிகழ்ந்த சந்திப்பு, உடன் பலர் இருந்தார்கள். உங்கள் தம்பி தரவிருப்பது இரவு இரண்டு மணிக்கும் கையருகே இருக்கும் ஒன்று. ஒருநாள் அந்த நிறுவனம் கட்டணத்தை உயர்த்தலாம், சேவையை நிறுத்தலாம். அப்போது அம்மா இரண்டாவது முறை இழப்பார்.

இன்னொன்று: அப்பாவிடம் இதற்குச் சம்மதம் கேட்கப்படவில்லை. குடும்பத்துக்குள் நீங்கள் செய்வதை நம் தகவல் பாதுகாப்புச் சட்டம் தடுக்காது. ஆனால் குரலை வெளிநாட்டு நிறுவனத்தின் கணினியில் ஏற்றியபின் அது உங்கள் கையில் இல்லை.

என் யோசனை இது. குரல்பதிவுகளை ஒன்றுவிடாமல் இரண்டு இடங்களில் சேமித்து, தேதி வாரியாகப் பெயரிட்டு, அம்மா விரும்பும்போது ஒரே தொடுகையில் கேட்கும்படி அமைத்துக் கொடுங்கள். “சாப்பிட்டாச்சா, மருந்து எடுத்தியா” என்று அவர் உண்மையிலேயே கேட்ட ஒரு பதிவு, செயலி உருவாக்கும் ஆயிரம் வாக்கியங்களைவிட அம்மாவுக்கு உரியது. வாரம் ஒருமுறை தம்பி அவரோடு அமர்ந்து அப்பாவைப் பற்றிப் பேசவைத்து, அதையும் பதிவு செய்யட்டும். முடிவை அம்மாவிடமே விடுங்கள். செயலி எப்படி இயங்கும் என்பதை ஒளிக்காமல் விளக்கியபின் அவரே வேண்டும் என்றால், மறுக்க உங்களுக்கு உரிமையில்லை.

கேள்வி (பிடோக் வாசகர்): நான் தொடக்கக் கல்லூரி மாணவன். என் தாத்தாவுக்கு மறதிநோய். மூளையைப் பற்றிய ஆராய்ச்சிக்குச் சாதாரணக் குடும்பங்கள் இங்கே எப்படி உதவ முடியும்?

பதில்: சிங்கப்பூர் மூளை வங்கி 2019 நவம்பரில் தொடங்கப்பட்டது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் மருத்துவப் பள்ளியும், தேசிய நரம்பியல் கழகமும், தேசிய சுகாதாரப் பராமரிப்புக் குழுமமும் இணைந்து அமைத்தது அது. இறந்தபின் கொடையாக வழங்கப்படும் மூளைகளையும் தண்டுவடங்களையும் பாதுகாத்து, மறதிநோய், நடுக்குவாதம் போன்றவற்றை ஆராய்வோருக்கு அது வழங்குகிறது. எவரையும் மீண்டும் எழுப்புவதாக அது வாக்களிப்பதில்லை. மேற்கத்திய நாடுகளின் மூளை வங்கிகளில் இருப்பவை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. நம் வட்டாரத்துச் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோரின் மூளையில் இந்நோய்கள் எப்படி வளர்கின்றன என்று அறிய, நம்மவரின் கொடை தேவை. நோயுற்ற மூளையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்களின் மூளையும் வேண்டும் என்பதால், தாத்தா மட்டுமன்றி வீட்டிலுள்ள மற்றப் பெரியவர்களும் எண்ணிப் பார்க்கலாம்.

மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்கீழ் இது தானாக நடந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அச்சட்டம் சிறுநீரகம், கல்லீரல், இதயம், கண்ணின் விழிவெண்படலம் ஆகியவற்றுக்கு மட்டுமே உரியது. மூளைக் கொடைக்கு, 1972-ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்தின்கீழ் விருப்பம் தெரிவித்துப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். தாத்தாவின் நோய் தொடக்க நிலையில் இருந்து, அவரால் இதைப் புரிந்து முடிவெடுக்க முடியும் என்றால், அவரிடமே கேளுங்கள். அந்த நிலையைக் கடந்துவிட்டார் என்றால் மூளை வங்கியிடமும் அவருடைய மருத்துவரிடமும் பெற்றோர் ஆலோசிக்கட்டும். யார் பதிவுசெய்தாலும், அதை வீட்டில் அனைவரிடமும் இப்போதே சொல்லிவைப்பது அவசியம். இறந்தபின் கூடிய விரைவில் திசுவை எடுத்தாக வேண்டும். மண்டாய் தகனச்சாலைக்குச் செல்வதற்கான ஏற்பாடுகளில் குடும்பம் மூழ்கியிருக்கும் அந்த வேளையில், மூளை வங்கியைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும் என்பது யாராவது ஒருவருக்கு நினைவில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அந்த ஒருவராக நீங்கள் இருக்கலாம்.